பேரேடு யார் கையில்?

(ஆய்வு மாணவர்கள் கூட்டிய ஒருநாள் கருத்தரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை கூடியவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் முனைவர் பட்டம் வாங்கியவர்கள், அல்லது வாங்கப் போராடிக்கொண்டிருப்பவர்கள். நான் பி.காம். முடித்த கையோடு வங்கித் தேர்வு எழுதி கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்தவன். பகலில் வவுச்சர், ராத்திரியில் கவிதை. 'ஆய்வு மாணவர்களின் முன்னேற்றத்தைப் பல்கலைக்கழகம் கண்காணிக்கும் முறை' என்று தலைப்பு கொடுத்து என்னைக் கூப்பிட்டபோது, 'உனக்கும் அதுக்கும் என்னய்யா சம்பந்தம்?' என்று வீட்டிலேயே கேட்டார்கள். சம்பந்தம் இருக்கு. அதன் பேர் பாஸ்புக்.

எங்கள் கிளைக்கு ஒரு பெண் வருவாள். மாதம் நாலு தடவை, ஐந்து தடவை. பாஸ்புக்கை நீட்டுவாள், பதிந்து கொடுப்பேன், பார்ப்பாள், போய்விடுவாள். ஒருநாள் கேட்டேன், "ஏம்மா, என்ன பணம் வரணும்?" "பெல்லோஷிப் சார். எட்டு மாசமா வரல." எந்தச் சேரி, யார் வீட்டுப் பெண் என்றெல்லாம் பேசப்பேச, சார் அண்ணனானது. அவள் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன். பேரும் ஊரும் பல்கலைக்கழகமும் வேண்டாம் என்றாள். சரி.

அவள் இரண்டு இயல் எழுதி நெறியாளரிடம் கொடுத்திருக்கிறாள். கையில்தான் கொடுத்தாள். ஆறு மாதம் கழித்து முன்னேற்ற அறிக்கையில் கையெழுத்துக் கேட்டுப் போனால், "எங்க எழுதின? எப்ப குடுத்த?" என்கிறார். கையெழுத்து இல்லை. கையெழுத்து இல்லாததால் துறை உறுதி செய்யவில்லை. துறை உறுதி செய்யாததால் பணம் இல்லை. பணம் இல்லாததால் விடுதிச் சாப்பாட்டுப் பாக்கி. பாக்கி இருப்பதால் நூலகத்தில் தடையில்லாச் சான்று இல்லை. எல்லாம் சட்டப்படி. எங்கேயும் சாதி என்ற வார்த்தையே இல்லை. படிவத்தில் 'முன்னேற்றம் திருப்தியாக இல்லை' என்ற ஒரு வரிதான் இருக்கிறது.

நண்பர்களே, அந்த ஒரு வரியைப் பற்றித்தான் பேச வந்தேன்.

முதலில் விதி என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். நம் ஆட்கள் அதைப் படிப்பதில்லை, அவர்களும் படிப்பதில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் முனைவர் பட்ட விதிமுறைகள் 2009இல் வந்தன, 2016இல் மாறின, 2022 நவம்பரில் மறுபடியும் மாறின. 2022 விதிப்படி ஒவ்வொரு ஆய்வாளருக்கும் ஓர் ஆய்வு ஆலோசனைக் குழு இருக்க வேண்டும். நம் ஊர் பாஷையில் டாக்டரல் கமிட்டி. ஒவ்வொரு பருவத்திலும் மாணவர் அதன் முன்னால் நின்று தன் வேலையைச் சொல்ல வேண்டும், சுருக்கமான அறிக்கை தர வேண்டும். குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு வருடம், மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு. பெண்களுக்கும், 40 சதவீதத்துக்கு மேல் ஊனமுள்ளவர்களுக்கும் மேற்கொண்டு இரண்டு வருடச் சலுகை உண்டு. முன்னேற்றம் திருப்தியில்லை என்றால் குழு என்ன செய்ய வேண்டும்? காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும், திருத்திக்கொள்ள வழி சொல்ல வேண்டும். அதையும் மாணவர் செய்யத் தவறினால்தான் பதிவை ரத்து செய்யப் பரிந்துரைக்கலாம், அதுவும் குறிப்பான காரணங்களோடு. காரணம், காரணம் என்று இரண்டு இடத்தில் சொல்கிறது விதி. உங்களில் எத்தனை பேருக்கு அந்தக் காரணம் எழுத்தில் கிடைத்திருக்கிறது? கையைத் தூக்குங்கள் பார்ப்போம்.

(யாரும் தூக்கவில்லை.)

பார்த்தீர்களா.

கண்காணிப்பு என்கிறார்கள். நல்ல பழைய தமிழ்ச் சொல். அதிலிருந்து பிறந்த இன்னொரு சொல் நம் பாட்டன் பூட்டன்களுக்கு நன்றாகத் தெரியும்: கங்காணி. நம் சேரிகளிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போன சனத்தை மேய்த்தவன். வேலைக்கு வந்த தலைக்கு இவ்வளவு என்று அவனுக்குக் காசு. நாள் முழுக்கக் கொழுந்து கிள்ளியவளுக்கும் எடை குறைந்தால் அரைப் பேர்தான் விழும். பேர் போடுகிற ஏடு துரையிடமும் கணக்கப்பிள்ளையிடமும் இருக்கும், கிள்ளியவள் கையில் இருக்காது. வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் 'துண்டு' வேண்டும். இன்ன ஆள், இவ்வளவு கடன், கட்டினால் அனுப்புகிறோம் என்று எழுதிய காகிதம். அந்தத் துண்டு முறையை 1921இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள்.

ஒழிந்ததா? நெறியாளரை மாற்ற வேண்டுமென்றால் அந்த நெறியாளரிடமே போய் 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதி வாங்கி வா என்று எத்தனை துறைகளில் சொல்கிறார்கள்? அது துண்டு இல்லாமல் வேறென்ன? ஆய்வு மாணவனும் தோட்டத் தொழிலாளியும் ஒன்று என்று சொல்லவில்லை. அந்தப் பாட்டி பட்ட பாடு வேறு. ஆனால் ஏடு ஒருவன் கையில் மட்டும் இருந்தால் என்ன நடக்கும் என்பது அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான்.

கற்பனை செய்து பேசவில்லை தோழர்களே. சேலம் மாவட்டத்திலிருந்து, பன்றி வளர்த்துப் பிழைக்கும் பன்னியாண்டிக் குடும்பத்திலிருந்து ஒரு பையன் இயற்பியல் ஆராய்ச்சிக்கு ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம் வரைக்கும் போனான். செந்தில்குமார். 2008 பிப்ரவரியில் விடுதி அறையில் உயிரை மாய்த்துக்கொண்டான். சாகும்வரை அவனுக்கு நெறியாளர் ஒதுக்கப்படவில்லை. பேராசிரியர் வினோத் பாவராலா தலைமையில் விசாரணைக் குழு போட்டார்கள். அந்தத் துறை தங்களுக்கு எதிராகவே நடக்கிறது என்று அங்கே படித்த தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்கள் உணர்கிறார்கள் என்று அந்தக் குழுவே எழுதியது. யோசித்துப் பாருங்கள். வழிகாட்ட ஆளே கொடுக்காமல் வழி நடக்கவில்லை என்று கணக்கெழுதுவது எந்த ஊர் நியாயம்?

அதே பல்கலைக்கழகத்தில் எட்டு வருடம் கழித்து, 2016 ஜனவரி 17, ரோகித் வெமுலா. அவன் கடைசிக் கடிதத்தைப் பற்றிக் கவிஞர்கள் நிறைய எழுதினார்கள், நானும் எழுதினேன். ஆனால் குமாஸ்தாவாக என்னைத் தூங்கவிடாதது அதன் கடைசிப் பக்கத்தில் இருக்கிற கணக்கு. ஏழு மாத உதவித்தொகை பாக்கி, ஒரு லட்சத்து எழுபத்தைந்தாயிரம், அதை வீட்டில் சேர்த்துவிடுங்கள் என்று எழுதியிருந்தான். மாதம் 25,000, பெருக்கல் ஏழு. கணக்கு சரியாக இருக்கிறது. காகித வேலையில் தாமதம் என்றது நிர்வாகம். சாகப் போகிறவன் கணக்கைச் சுத்தமாக வைத்திருந்தான், பெரிய அலுவலகத்தால் முடியவில்லை.

'எல்லாருக்கும்தானே தாமதம், இதில் சாதி எங்கே வந்தது?' என்று கேட்பார்கள். அகில இந்திய மருத்துவக் கழகத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்க அரசே பேராசிரியர் சுகதேவ் தோரட் தலைமையில் குழு போட்டது. 2007இல் அறிக்கை வந்தது. ஆசிரியர்கள் எங்களுக்கு நேரம் ஒதுக்குவதில்லை, செய்முறைத் தேர்விலும் வாய்மொழித் தேர்விலும் நியாயம் இல்லை என்று தலித், பழங்குடி மாணவர்களில் பெரும்பான்மையோர் அந்தக் குழுவிடம் சொன்னார்கள். எழுத்துத் தேர்வில் தாள் இருக்கும், எண் இருக்கும், மறுமதிப்பீடு கேட்கலாம். முகத்தைப் பார்த்து மதிப்பெண் போடும் இடத்தில்தான் சாதி வந்து நாற்காலி போட்டு உட்காருகிறது. முன்னேற்ற அறிக்கை என்பது ஐந்து ஆறு வருடம் நீளும் ஒரு வாய்மொழித் தேர்வு.

'அப்ப கண்காணிப்பே வேண்டாம்ங்கிறியா?' என்று ஒரு தோழர் கேட்டார். இல்லை. எங்கள் வேலையில் கண்காணிப்பு இல்லாமல் ஒரு நாள் ஓடாது. ஒருவர் பதிவார், இன்னொருவர் சரிபார்ப்பார். இரண்டும் ஒரே ஆள் செய்ய முடியாது. மேலாளரையும் தணிக்கையாளர் வந்து பார்ப்பார். எல்லாவற்றுக்கும் மேலாக, கணக்கு வைத்திருக்கும் ஆளின் கையில் பாஸ்புக் இருக்கும். அவர் படிக்காதவராக இருக்கலாம், கைநாட்டாக இருக்கலாம். 'இந்தத் தேதியில் போட்ட காசு எங்கடா?' என்று எங்களைச் சட்டையைப் பிடித்துக் கேட்கலாம். பல்கலைக்கழகத்தில் பதிவதும் நெறியாளர், சரிபார்ப்பதும் அவர் சொல்லைத் தட்டாத குழு. மாணவன் கையில் ஒன்றுமில்லை.

நல்ல கண்காணிப்பு எப்படி இருக்கும் என்பதற்கு நம்மிடமே சான்று இருக்கிறது. அண்ணல் அம்பேத்கர் பரோடா சமஸ்தானத்தின் உதவித்தொகையில் 1913இல் கொலம்பியா போனார். லண்டனில் பாதிப் படிப்பில் இருக்கும்போது உதவித்தொகைக் காலம் முடிந்து 1917இல் திரும்ப வேண்டியதாயிற்று. 1920இல் சேர்த்த காசும் கைமாற்றுமாக மறுபடியும் கப்பல் ஏறினார். ரூபாயின் சிக்கல் பற்றிய அவர் ஆய்வு 1923இல் புத்தகமாக வந்தது. அதற்கு முன்னுரை எழுதியவர் அவருடைய பேராசிரியர் எட்வின் கேனன். அந்த முன்னுரையிலேயே, இவர் சொல்கிற பலவற்றில் எனக்கு உடன்பாடில்லை என்று எழுதினார். உடன்படாததை எழுத்தில் எழுதினார், காரணத்தோடு எழுதினார், அதே சமயம் மாணவனின் புத்தகத்தில் கையெழுத்தும் போட்டார். நாம் கேட்பது சலுகை இல்லை, அந்தக் கையெழுத்துதான்.

ஆகவே சில கோரிக்கைகள். ஒன்று, மாணவர் கொடுக்கும் ஒவ்வொரு இயலுக்கும் தேதியிட்ட ஒப்புகை. இரண்டு, நெறியாளர் இத்தனை நாளில் படித்துத் திருப்பித் தர வேண்டும் என்று கெடு. மூன்று, குழுக் கூட்டத்தின் குறிப்பு நகல் ஒரு வாரத்தில் மாணவர் கையில். நான்கு, மாணவர் தரும் அறிக்கையைப் போலவே ஒவ்வொரு பருவமும் துறை தரும் அறிக்கை: நெறியாளர் ஒதுக்க எத்தனை நாள் ஆனது, உதவித்தொகை எத்தனை நாள் தாமதம், யார் மேசையில் நின்றது. ஐந்து, குழுவில் துறைக்கு வெளியிலிருந்து ஒருவர், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர் பிரிவின் பார்வையாளர் ஒருவர். இவை வரும்வரை நாமே எழுதுவோம். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, நேரம், என்ன கொடுத்தேன், என்ன சொன்னார்.

அந்தப் பெண்ணிடமும் இதைத்தான் சொன்னேன். "கையில குடுக்காதம்மா. துறை அலுவலகத்துல குடுத்து முத்திரை வாங்கு." அடுத்த இயலை அப்படித்தான் கொடுத்தாள். நெறியாளர் கூப்பிட்டு, "என் மேல நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டிருக்கிறார். அவள், "நம்பிக்கை இருக்குங்க சார், ஞாபகத்துக்குத்தான்" என்றாளாம். அடுத்த குழுக் கூட்டத்தில் முத்திரையிட்ட நகலை மேசையில் வைத்தாள். அந்த வரியை எழுத முடியவில்லை. பதிவு பிழைத்தது. போன பதினோரு மாதப் பணம் இன்னும் வரவில்லை. அவள் இழந்த ஒரு வருடத்தை எந்தப் பாஸ்புக்கிலும் நான் வரவு வைக்க முடியாது.

ஆனால் இப்போது அவள் விடுதியில் இன்னும் நாலு பேர் நோட்டு போட்டு எழுதுகிறார்கள். போன வாரம் ஒருத்தி கவுண்டருக்கு வந்து கேட்டாள், "அண்ணே, பழைய தேதியில நடந்ததையும் எழுதலாமா?"

எழுதும்மா என்றேன். உங்களிடமும் அதையே சொல்லி முடிக்கிறேன். ஜெய்பீம்.