பேரிங்கும் மூட்டும்

(கூத்தாநல்லூரில் நடந்த முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கத்துச் செயலாளர் போனில் கேட்டபோது, "உங்க தொழிலைப் பத்தியே பேசுங்க" என்றார். என் தொழில் பம்பும் பேரிங்கும். ஆனால் நான் பேசப்போவது மூட்டு வாதம் பற்றி. "இவனுக்கும் வைத்தியத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று முன் வரிசையில் முணுமுணுப்பது கேட்கிறது. நான் டாக்டர் இல்லைதான். ஒரு நோயாளியின் மகன். நம் பழைய மாணவர்களின் பிள்ளைகளில் மருத்துவம் படிக்கிறவர்கள் நாலைந்து பேர் வந்திருக்கிறார்கள். நான் எங்கேயாவது தப்பாகச் சொன்னால் அவர்கள் தாராளமாக எழுந்து திருத்தலாம்.

2006ஆம் வருஷம் தமிழ்நாட்டில் சிக்குன்குனியா பரவியது பலருக்கு ஞாபகம் இருக்கும். நான் அப்போது ஹாஸ்டலில் இருந்தேன். எங்கள் தெருவில் வீட்டுக்கு இரண்டு பேர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். அத்தா சபரில் இருந்தார். அம்மாவுக்கும் கை கால் வலி. மற்றவர்களுக்குச் சில மாதத்தில் சரியாகிவிட்டது, அம்மாவுக்கு மட்டும் ஆகவில்லை. "சிக்குன்குனியா மிச்சம், போகப் போகச் சரியாயிடும்" என்றே இரண்டு வருஷம் ஓடியது.

அந்த இரண்டு வருஷத்தில் நாங்கள் கவனிக்கத் தவறியது ஒன்று உண்டு. விடியற்காலை சுபுஹு தொழுகைக்கு ஒளு செய்யப் போனால் அம்மாவால் குழாயைத் திருக முடியாது. விரல்கள் மரக்கட்டை மாதிரி இருக்கும். இடியாப்பம் பிழிய முடியாது. பத்து மணிக்குப் பார்த்தால் நன்றாகவே வேலை செய்வார்கள். "காலையில வேலை செய்ய வலிக்குது போல" என்று உறவுக்காரர் ஒருவர் சிரித்தார். நானும் கூடச் சிரித்தேன்.

அதுதான் அடையாளமாம். தேய்மான வலி என்றால் நடக்க நடக்கக் கூடும், உட்கார்ந்தால் குறையும். காலையில் விறைப்பு இருந்தாலும் பெரும்பாலும் அரைமணிக்குள் விட்டுவிடும். முடக்குவாதம், அதாவது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், நேர்மாறு. ஓய்வில் இறுகும், அசைய அசைய இளகும். காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேலும் நிற்கும். இரண்டு கையிலும் ஒரே மாதிரி, விரலின் அடிக்கணுவும் நடுக்கணுவும் மணிக்கட்டும் வீங்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். புனே பக்கம் பிக்வான் கிராமத்தில் 1996இல் டாக்டர் அரவிந்த் சோப்ரா குழுவினர் தொடங்கிய கணக்கெடுப்பில் ஆயிரம் பேருக்கு ஐந்து பேர் என்று வந்தது. ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறலாம். அந்தக் கணக்கை அப்படியே வைத்தால் இருபதாயிரம் பேர் உள்ள ஊரில் நூறு பேர்.

இனி என் தொழில் பாஷையில் சொல்கிறேன். நம் மூட்டு அருமையான ஒரு பேரிங். எலும்பு முனையில் வழவழப்பான குருத்தெலும்பு, சுற்றிலும் ஒரு சவ்வு, அது சுரக்கும் எண்ணெய் மாதிரியான திரவம். முழங்கால் இவ்வளவு பெரிசு, அதில் இருக்கும் திரவமோ ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு. உராய்வு, பனிக்கட்டி மேல் பனிக்கட்டி வழுக்குவதைவிடக் குறைவு. தேய்மான நோயில் பேரிங் பரப்பே போகிறது. முடக்குவாதத்தில் பரப்பு தானாகத் தேயவில்லை. கிருமியை எதிர்க்க வேண்டிய படை ஆள் தெரியாமல் அந்தச் சவ்வைத் தாக்குகிறது. சவ்வு தடித்து வளர்ந்து குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது, போனது திரும்ப வளர்வது அபூர்வம். அம்மாவின் வலது மணிக்கட்டு இன்றைக்கும் முழுசாக மடங்காது. அது அந்த இரண்டு வருஷத்தின் கணக்கு.

இதே குடும்பத்தில் வேறு நோய்களும் உண்டு. இளம் பெண்ணுக்குக் கன்னத்தில் வண்ணத்துப்பூச்சி மாதிரி சிவப்பு, மூட்டுவலி, முடி உதிர்தல் என்றால் லூபஸாக இருக்கலாம். அது சிறுநீரகத்தையும் தாக்கும், அதனால் சிறுநீர்ப் பரிசோதனை அவசியம். தம்பிமார்களே, உங்கள் வயசில் மூன்று மாதத்துக்கு மேல் இடுப்புவலி, படுத்தால் கூடி நடந்தால் குறைகிறது என்றால் "பைக்ல போன வலி" என்று விட்டுவிடாதீர்கள். அது முதுகெலும்பு வாதமாக இருக்கலாம். ஆர்.ஏ. ஃபேக்டர் பரிசோதனையை மட்டும் நம்பவும் கூடாது. நோய் உள்ளவருக்கு நெகட்டிவாகவும் இல்லாதவருக்கு பாசிட்டிவாகவும் வரும்.

தஞ்சாவூரில் ஒரு டாக்டர் அம்மாவின் கையைத் தொட்டுப் பார்த்தே நோயைச் சொல்லி, மெத்தோட்ரெக்சேட் எழுதினார். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். வெள்ளிக்கிழமை என்று வைத்துக்கொண்டோம். மற்ற நாட்களில் ஃபோலிக் ஆசிட். இந்த மருந்துக்குப் பின்னால் நம்ம பக்கத்து ஆள் ஒருவர் இருக்கிறார். 1895இல் பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். கதர் உடுத்தி ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தவர். அமெரிக்காவில் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் அவர் தலைமையில் உருவான புற்றுநோய் மருந்துகளின் வரிசையில் வந்தது இது. அவர் 1948இல் காலமானார். முடக்குவாதத்துக்கு இதைத் தர அமெரிக்க அரசு 1988இல்தான் அனுமதித்தது.

அடுத்து நான் சொல்வது என் தப்பு. 2012இல் லீவில் வந்தபோது, அம்மாவுக்கு வசதியாக இருக்கட்டும் என்று கம்ப்யூட்டரில் மாத்திரை அட்டவணை போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். கலர் கலராகக் கட்டம். இரண்டுமே சின்ன மஞ்சள் மாத்திரை. கட்டம் மாறிப்போச்சு. வாரம் ஒரு தடவை ஃபோலிக் ஆசிட், தினம் மெத்தோட்ரெக்சேட் என்று ஆகிவிட்டது. ஐந்தாம் நாள் வாயெல்லாம் புண், கஞ்சிகூட இறங்கவில்லை. அக்காதான் மாத்திரை அட்டையை எண்ணிப் பார்த்துக் கண்டுபிடித்தாள். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் சரிந்திருந்தன. மருத்துவமனையில் சேர்த்து, ஃபோலினிக் ஆசிட் ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள். தினமும் சாப்பிட்டால் ஆளையே கொல்லக்கூடிய மருந்து அது. மருந்தின் மேல் குற்றமில்லை. பம்புக்கு டிராயிங் போட்டால் மூன்று பேர் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவோம். அம்மாவின் அட்டவணையை ஒருத்தரிடமும் காட்டவில்லை.

மருத்துவம் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். சீட்டில் "வாரம் ஒரு முறை" என்று எழுதினால் போதாது, எந்தக் கிழமை என்று தமிழில் எழுதுங்கள். கர்ப்பமாகும் வாய்ப்பு உள்ள பெண்ணுக்கு இது கூடாது என்பதை வாயாலும் சொல்லுங்கள். ரத்தமும் ஈரலும் அவ்வப்போது பார்க்க வேண்டும் என்பதையும்.

நம்ம ஊர்ப் பக்கம் இன்னொரு வழக்கம் இருக்கிறது. பேர் இல்லாத பொட்டலத்தில் "வாதப் பொடி" கொடுப்பார்கள், மறுநாளே குதித்து எழுவார்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் வேறென்ன ஆகும்? மாசக்கணக்கில் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. ஸ்டீராய்டும் மோசமான மருந்தில்லை. 1948இல் ஃபிலிப் ஹெஞ்ச் முதன்முதல் அதைக் கொடுத்தபோது படுத்த நோயாளி எழுந்து நடந்தார், 1950இல் நோபல் பரிசும் வந்தது. தெரியாமல் சாப்பிடுவதுதான் வம்பு.

அம்மா இப்போது நாற்காலியில் உட்கார்ந்து தொழுகிறார்கள். இடியாப்பம் பிழிவது அக்கா. தம்ரூட் கிண்டுவதை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. இன்று விருந்தில் வைக்கப்போவது அவர்கள் கிண்டியதுதான். சாப்பாட்டு வேளையில் யாரும் என்னிடம் ரிப்போர்ட்டை நீட்ட வேண்டாம், நான் பம்பு பார்க்கிறவன்.