வரப்பில் ஓடும் சிலந்தியும் வேரில் உறங்கும் புழுவும்

சென்னைக்கு மேற்கே, அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரத்தில் வீட்டுமனைகளாக மாறியவை போக எஞ்சியிருக்கும் நெல்வயல்களிலும் கத்தரி, வெண்டைப் பாத்திகளிலும் உழவருக்கு வேண்டிய உயிர் ஒன்றும் வேண்டாத உயிர் ஒன்றும் வாழ்கின்றன. முன்னது, பார்டோசா சூடோஅனுலேட்டா எனப்படும் ஓநாய்ச் சிலந்தி. பின்னது, மெலாய்டோகைன் இன்காக்னிட்டா எனப்படும் வேர்முடிச்சு நூற்புழு.

வலை பின்னாத இச்சிலந்தி, நெற்பயிரின் தூரடியில் ஓடித் திரிந்து, புகையான் என்று உழவர் அஞ்சும் பழுப்புத் தத்துப்பூச்சியைப் பாய்ந்து பிடிக்கிறது. முட்டைப்பையை வயிற்று நுனியில் ஒட்டிச் சுமக்கும் தாய், பொரித்த குஞ்சுகளையும் முதுகில் ஏற்றிக்கொண்டு அலைகிறது. நூற்புழுவின் வாழ்வு இதற்கு நேர்மாறானது. அரை மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத இளம்புழு, மண்ணீரில் நெளிந்து சென்று வேர்நுனியைத் துளைத்துப் புகுந்து, ஓரிடத்தில் வாய் வைத்தபின் உணவுக்காக வேறிடம் நாடுவதில்லை. பெண்புழு பேரிக்காய்போலப் பருத்து, பசை போன்ற உறையில் சில நூறு முட்டைகளை இடுகையில், சுற்றியுள்ள வேர்த்திசு வீங்கி முடிச்சாகிறது.

இவ்வளவு வேறுபட்ட இரண்டுக்கும் உறவு உண்டு என்பதே வியப்பு. இரண்டும் வளர்வதற்குத் தோலுரிக்க வேண்டியவை. தோலுரிக்கும் விலங்குகள் அனைத்தும் ஒரே கிளையைச் சேர்ந்தவை என்று மரபணு ஒப்பீட்டின் அடிப்படையில் 1997 இல் முன்மொழியப்பட்டு, அக்கிளைக்கு எக்டைசோசோவா என்று பெயரிடப்பட்டது. மென்று தின்பது நூற்புழுவுக்கு இயலாது, சிலந்திக்கும் திட உணவு இறங்காது. சிலந்தி இரையின்மீது செரிமான நீரைக் கக்கிக் கரைத்து உறிஞ்ச, நூற்புழு ஊசி போன்ற வாயுறுப்பால் வேர்ச்செல்லில் சுரப்பைச் செலுத்தி, அச்செல்லையே தனக்கு உணவூட்டும் பெருஞ்செல்லாக மாற்றிவிடுகிறது. கொன்று தின்பதைவிட இதுவே நுட்பமான தொழில் எனலாம்.

இந்தியாவில் வேர்முடிச்சு நூற்புழுவை 1901 இல் பார்பர் என்னும் அறிஞர் பதிவு செய்தது, நீலகிரியின் தேவாலாவிலிருந்த தேயிலைத் தோட்டத்தில்தான். ஒரு நூற்றாண்டு கடந்தும், இப்புழு தாக்கியதால் நடுப்பகலில் வாடி மாலையில் நிமிரும் செடியைக் கண்டு, நீர் போதவில்லை, உரம் போதவில்லை என்று எண்ணுவோரே மிகுதி. வேரைப் பிடுங்கிப் பார்ப்போர் குறைவு. பயறுச் செடியின் பயன்தரும் வேர்முடிச்சு விரலால் தேய்த்தால் உதிரும். நூற்புழுவின் முடிச்சோ வேரே வீங்கியது, ஆதலால் உதிராது.

வாடிய செடியைக் கண்டதும் பூச்சிமருந்து தெளித்தால் முதலில் மடிவது வெளியில் திரியும் சிலந்தி. வேருக்குள் இருக்கும் புழுவுக்கு அது எட்டுவதே இல்லை. எனவே நேயர்கள், மாடித்தோட்டம் வைத்திருப்போர் உட்பட, முடிச்சு கண்ட செடியை உரக்குழியில் எறியாமல் வேரோடு பிடுங்கி உலர்த்தி எரித்துவிட்டு, மண்ணில் வேப்பம் புண்ணாக்கு இட்டு, அடுத்த முறை அங்கே செண்டுமல்லி நட வேண்டும்.