கோர்ட்டுப் பேரமும் பறிகொடுத்தோர் உரிமையும்

(ராசிங்காபுரத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் குற்றப் பேரம் என்பதாகும். அதாவது, குற்றம் சாட்டப்பட்டவன் விசாரணை முடியுமுன்பே குற்றத்தை ஒப்புக்கொண்டு, நஷ்டஈடு கொடுத்து, தண்டனையைக் குறைத்துக்கொள்ளும் முறையாகும். இது 2006 ஜூலை 5 முதல் நம் நாட்டில் அமலில் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல், நம் வாயில் நுழையாத பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற சட்டத்தில் 289 முதல் 300 வரையுள்ள பிரிவுகளாக இருந்து வருகிறது. ஏழு வருஷத்துக்கு மேற்பட்ட தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், பெண்களுக்கோ குழந்தைகளுக்கோ இழைத்த குற்றங்களுக்கும் இது செல்லாது.

பேரமே கூடாதென்பது நமது அபிப்பிராயமல்ல. வாய்தாவுக்கு வாய்தா கூலியை இழந்து கோர்ட்டு வாசலில் நிற்கும் ஏழைக்கு வழக்குச் சீக்கிரம் முடிவது நன்மையே. ஆனால், பேரம் யாருக்கும் யாருக்கும் நடக்கிறது என்பதுதான் நம் கேள்வி.

இப்பக்கத்துக் கிராமத்தார் விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டு வழியே ஏலத்தோட்டத்துக் கூலிக்குப் போகிறார்கள். வண்டி கவிழ்ந்து ஒருவன் செத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்கு ஐந்து வருஷம் வரை தண்டனை உண்டு. பேரம் முடிந்தால் அதில் கால் பங்கு விதிக்கலாம். முதல் குற்றமானால் ஆறிலொரு பங்கு, அதாவது பத்து மாதம்.

அந்தப் பேச்சுக்குச் செத்தவன் மனைவியையும் அழைக்க வேண்டுமென்று சட்டம் சொல்லுகிறது. மெத்த சரி. ஆனால் போலீஸ் வழக்கில், குற்றவாளி தன் வக்கீலோடு வரலாமென்று எழுதிய சட்டம், இவள் வக்கீலைப் பற்றி வாய் திறக்கவில்லை. குற்றவாளி மனமொப்பித்தான் கேட்டானா என்று ஜட்ஜ் அவனைத் தனியே விசாரிக்கிறார். இவளைத் தனியே விசாரிக்க அப்படியொரு விதி இல்லை. சர்க்கார் வக்கீல், போலீஸ், எதிரி, எதிரியின் வக்கீல் ஆகியவர்களுக்கு நடுவே எழுத்தறியாத ஒருத்தி தனியே உட்கார்ந்தால் அது பேரமா, பஞ்சாயத்தா?

போதாததற்கு, "எல்லாம் தலைவிதி, போன உயிர் திரும்புமா, கொடுப்பதை வாங்கிக்கொள்" என்று உபதேசம் செய்ய உறவினரும் ஊர்ப் பெரியவர்களும் வருவார்கள். விதிதான் ஜீப்பை ஓட்டியதென்றால் விதியையல்லவா கூண்டில் ஏற்றவேண்டும்? பாவம் செய்தவன் பார்ப்பானுக்குத் தட்சணை கொடுத்துப் பிராயச்சித்தம் பெற்றான். ஊர்ப் பஞ்சாயத்தில் போட்ட அபராதம் கோயிலுக்குப் போயிற்று. இரண்டிலும் பறிகொடுத்தவனுக்குக் கிடைத்தது பூஜ்யம். அந்தப் புத்தி கோர்ட்டுக்குள்ளும் நுழையக்கூடாது என்பதே நமது கவலை.

ஆகவே நாம் கேட்பது மூன்று. பறிகொடுத்தவருக்கு அனுப்பும் நோட்டீசு தமிழில், சாட்சிகளுக்கும் விளங்கும்படி இருக்க வேண்டும். அவருக்கும் வக்கீல் உண்டென்று சட்டத்திலேயே எழுத வேண்டும். அவர் மனதை ஜட்ஜ் தனியே கேட்டறிய வேண்டும். இது ஆகாத காரியமல்ல. வன்கொடுமைச் சட்டத்தில் 2015-ல் செய்த திருத்தம், பாதிக்கப்பட்டோர் தகவல் பெறவும் தம் சொல்லைச் சொல்லவும் உரிமை கொடுத்திருக்கிறது. அவர்களுக்குக் கொடுத்தது நியாயமானால் மற்றவர்க்கும் அது நியாயமே.

சட்டம் திருந்தும் வரை சும்மா இருக்கவேண்டியதில்லை. 1987-ம் வருஷத்துச் சட்டப்படி பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் இலவச வக்கீல் கேட்க உரிமையுண்டு. பேரம் முடிந்தால் வந்தவர்கள் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். பேரம் முடியாவிட்டால் வழக்கு விசாரணைக்கே திரும்பும். கையெழுத்திட்டுத் தீர்ப்பான பின் சாதாரண அப்பீலும் இல்லை. ஆதலால் தாய்மார்களே, படித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், விளங்காவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்!