முதல் ஸ்கேனும் இரண்டாவது ஸ்கேனும்

(நமது சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் டாக்டர் இல்லை. 1971-ல் பௌதிகத்தில் பி.எஸ்ஸி. முடித்து, மத்திய சர்க்காரில் ஃபைல் பார்த்து ரிடையர் ஆனவன். அதே வருஷம் அக்டோபர் 1-ஆம் தேதி, லண்டன் விம்பிள்டனில் உள்ள அட்கின்சன் மோர்லி ஆஸ்பத்திரியில்தான் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையை சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். அந்த மிஷினை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டும் டாக்டர் இல்லை, இ.எம்.ஐ. கம்பெனி என்ஜினீயர். அந்தத் தைரியத்தில் பேசுகிறேன்.

அவர் பெயரில் ஓர் அளவுகோல் உண்டு. தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000. மூளைத் திசு 30, 40 வாக்கில் இருக்கும். புதிதாகக் கட்டிய ரத்தம் அதைவிட அதிகம், 60, 70 என்று வரும். அதனால்தான் படத்தில் ரத்தம் வெள்ளையாகத் தெரிகிறது.

சில வருஷங்களுக்கு முன் என் அத்திம்பேர் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். அப்போது வயது 78. நன்றாகவே பேசினார். "ஒண்ணுமில்லைடா, ஆத்துக்குப் போலாம்" என்றார். ஒரு மணி நேரத்துக்குள் ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. நெற்றிப் பக்கம் மூளைக்குள் சுண்டைக்காய் அளவு வெள்ளை. டியூட்டியில் இருந்த இளம் பெண் டாக்டர், ஆறு மணி நேரம் கழித்து இன்னொரு ஸ்கேன் வேண்டும் என்றார். நான் சண்டைக்குப் போனேன். படம் இவ்வளவு தெளிவாக இருக்கிறதே, பில்லை ஏற்றவா இன்னொன்று என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. ரத்தம் கட்டாமல் இருக்க ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா என்று மட்டும் கேட்டார். ஸ்டென்ட் வைத்ததிலிருந்து ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் சாப்பிடுவதை அக்கா அப்போதுதான் சொன்னாள்.

இரண்டாவது படத்தில் அது எலுமிச்சம்பழ அளவு ஆகியிருந்தது. ராத்திரியே ஆபரேஷன்.

அப்புறம்தான் படித்துப் பார்த்தேன். ஸ்கேன் என்பது அந்த ஒரு நிமிஷத்தின் போட்டோ. அடிபட்ட சின்னச் சின்ன ரத்தக் குழாய்களில் சில உடனே கசியும், சில பல மணி நேரம் கழித்து. பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் வளர்ந்துவிடும். சீக்கிரம் எடுத்த ஸ்கேன்தான் நிம்மதி என்று நாம் நினைக்கிறோம். கணக்கு நேர் எதிர். ஒரு மணி நேரத்தில் எடுத்தால் கசிவின் ஆரம்பத்தைத்தான் பார்க்கிறோம். இன்னொன்று, குறுக்களவு இரண்டு மடங்கானால் கன அளவு எட்டு மடங்கு. கண்ணுக்குக் கொஞ்சம்தானே என்று தோன்றும்.

எது வளரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? ஓரளவு முடியும். ரத்தம் மூளைத் திசுவுக்குள்ளேயே இருக்கிறதா, முதல் படத்திலேயே எவ்வளவு, வயது என்ன, என்ன மாத்திரை என்று பார்க்கிறார்கள். சாயம் ஏற்றி எடுத்த படத்தில் கட்டிக்குள் புள்ளி போலச் சாயம் கசிந்தால் இன்னும் கசிகிறது என்று அர்த்தம். கம்ப்யூட்டரும் கற்றுக்கொள்கிறது. மும்பையின் க்யூர் டாட் ஏஐ நிறுவனத்தார், நம் நாட்டில் எடுத்த 3 லட்சத்துக்கும் மேலான தலை ஸ்கேன்களை வைத்துச் செய்த ஆய்வு 2018-ல் 'லான்செட்' பத்திரிகையில் வந்தது. ஆனால் அது இருக்கும் ரத்தத்தைக் கண்டுபிடிப்பது. நாளைக்கு எவ்வளவு ஆகும் என்பது அதைவிடக் கடினமான கேள்வி. பதில் சதவீதமாகத்தான் வரும், ஜாதகம் மாதிரி அடித்துச் சொல்ல முடியாது. (ஜாதகமும் அப்படிச் சொல்வதில்லை என்பது வேறு விஷயம்!)

தெரிந்து என்ன லாபம் என்பீர்கள். யாரை ஐ.சி.யூ.வில் வைப்பது, யாருக்கு மறுபடி ஸ்கேன் என்று தீர்மானிக்கலாம். டிரானெக்ஸாமிக் ஆசிட் என்று மலிவான மருந்து இருக்கிறது. ஜப்பானில் ஒகமோட்டோ தம்பதியர் கண்டுபிடித்தது. 2019-ல் வந்த க்ராஷ்-3 ஆய்வில், காயம் லேசாகவோ நடுத்தரமாகவோ இருந்தவர்களுக்கு 3 மணி நேரத்துக்குள் கொடுத்தபோது தலைக்காயத்தால் சாவது குறைந்தது. மிகக் கடுமையான காயத்தில் அந்தப் பலன் தெரியவில்லை.

அத்திம்பேர் பிழைத்தார், இரண்டு வருஷம் இருந்தார். பெயர்கள்தான் வரவில்லை. என்னை என் அப்பா பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அந்தப் பெண் டாக்டரிடம் மன்னிப்புக் கேட்கப் போனபோது அவர் வேறு ஊருக்குப் போயிருந்தார்.

என் சட்டைப் பையில் ஒரு சீட்டு இருக்கிறது. வேண்டியவர்கள் பார்த்து எழுதிக்கொள்ளலாம். என் மாத்திரைகளின் பெயர், டோஸ், எதற்காக என்று இருக்கும். கடைசி வரி அகத்துக்காரிக்கு: "விழுந்தால் மணியைப் பார்த்துக் குறித்துக்கொள்."