தொடக்கப் பள்ளியில் ஒரு மழைக்கால ஓவிய வகுப்பு

(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சிவில் இன்ஜினியருக்கும் சின்னப் பிள்ளைகளின் ஓவியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நினைப்பீர்கள். மூன்று வருஷமாக, புரட்டாசி முதல் கார்த்திகை வரை, மாதம் இரண்டு சனிக்கிழமை எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளிக்குப் போய் வருகிறேன். ஓவியத்துக்கென்று அங்கே தனி ஆசிரியர் கிடையாது.

"இலையுதிர் காலம் வரையுங்க" என்றால் பிள்ளைகள் புத்தகத்தில் பார்த்த சிவப்பு மேப்பிள் இலையைத்தான் வரைகிறார்கள். குளிர் நாடுகளில் அது நிஜம். பகல் குறையக் குறையப் பச்சையம் சிதைந்து, இலைக்குள் ஏற்கெனவே இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. நமக்கோ அந்த மாதங்களில் வருவது வடகிழக்குப் பருவமழை. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்கிறது. நம்ம பிள்ளை நம்ம பருவத்தைப் பார்த்து வரையட்டுமே!

நவராத்திரி சமயத்தில் களிமண் பொம்மை செய்கிறோம். மதுரை அருகே விளாச்சேரியிலும் பண்ருட்டியிலும் இதுவே பலருக்குத் தொழில். கொலுப்படி போல அடுக்கி, தபால்காரர், இளநீர் வண்டி, டிராக்டர் என்று தெருவையே பிள்ளைகள் செய்து வைத்தார்கள். கனத்த இடமும் மெல்லிய இடமும் ஒரே வேகத்தில் காயாது. அதனால்தான் பொம்மையின் கழுத்தில் வெடிப்பு விழுகிறது. கனம் சமமாக இருக்க வேண்டும், பொடி மணல் சேர்க்க வேண்டும், நிழலில் காயவைக்க வேண்டும். நாம் மண்ணியலில் படித்த சுருக்கம் மூன்றாம் வகுப்புக்கு அரை மணியில் புரிந்துவிட்டது!

ஐப்பசியில் இலைப் பதிவு. இலையைக் கவிழ்த்து வைத்து, மேலே தாள் போட்டு, கிரேயானைப் படுக்க வைத்துத் தேய்த்தால் நரம்பு அப்படியே எழும்பும். அரச இலையில் வலைப்பின்னல், நெல் இலையில் நேர்கோடு. கார்த்திகைக்கு அகல் விளக்கு. சூளையில் சுட்ட பிறகே ஏற்றலாம். களிமண் ஏரியில் கிடைக்கும். தாளுக்குப் பழைய காலண்டரின் பின்பக்கம் போதும்.

போன வருஷம் 'மழை' என்று தலைப்புக் கொடுத்தோம். எல்லோரும் குடையும் காகிதக் கப்பலும் வரைந்தார்கள். வகுப்பில் வாயே திறக்காத ஒரு நாலாம் வகுப்புப் பையன், வீட்டுக்குள்ளே தண்ணீரும் பரண்மேல் பள்ளிப் பையும் வரைந்திருந்தான்.

"யார் வீடுடா இது?"

"எங்க வீடு சார். பின்பக்கமாத்தான் தண்ணி வரும்."

மழை நாளில் அவன் ஏன் வருவதில்லை என்று டீச்சருக்கு அன்றுதான் தெரிந்தது. போய்ப் பார்த்தேன். பின்னால் ஓடும் வாய்க்கால் தூர்ந்து கிடந்தது. அவன் படத்தின் நகலையும் சேர்த்து மனுக் கொடுத்திருக்கிறோம். இன்னும் தூர் வாரவில்லை, விடுவதாக இல்லை.

தம்பி தங்கைகளே, கேட்டால் சொல்லத் தெரியாத பிள்ளை, கையில் கிரேயான் கொடுத்தால் சொல்லிவிடுகிறது. அதைக் கேட்க ஒரு ஆள் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இந்த மழைக்காலத்தில் ஆளுக்கு நாலு சனிக்கிழமை தாருங்கள். உங்கள் ஊர்ப் பள்ளியாகவே இருக்கட்டும். தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டு, ஒரு கூடை களிமண்ணோடு போய் நில்லுங்கள். மற்றதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.