சனிக்கிழமை சாயங்கால ஆட்டம்

பிள்ளைகள் அமெரிக்கா போய்விட, மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தனியே டிவி பார்த்துக்கொண்டிருக்கும் பெரியவர்கள் நம் அங்கத்தினர்களில் பலர். வைகுண்ட ஏகாதசிக்குப் பரமபதம் ஆடிக் கண்விழித்தவர்கள்தானே! வாரம் ஒருநாள் கூடி ஆடலாம்.

என் ஓட்டு பல்லாங்குழிக்கு. 14 குழி, இரண்டே பேர். குழியில் நான்கு சேர்ந்து 'பசு' எடுக்கும்போது மாமிகளின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

நால்வர் சேர்ந்தால் கேரம். சிவப்பைப் போட்டால் அடுத்து ஒரு காயும் விழவேண்டும். சண்டை வராமலிருக்க விதிகளை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். பக்கத்துத் தாராவித் தமிழ்ப் பையன்களையும் அழைப்போம் என்கிறேன். சிலர் தயங்குவது தெரியும். 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் 3 தங்கம் வென்ற காசிமா, சென்னை ஆட்டோ ஓட்டுநரின் மகள். பலகை என் வீட்டில் இருக்கிறது. பவுடர் மட்டும் யாராவது கொண்டுவாருங்கள்.