ஈட்டம் அவர்க்கு, இழப்பு எவர்க்கு?

2008 அக்தோபரில் ஐசுலாந்தின் மூன்று பெரும் வைப்பகங்களும் ஒரே கிழமையில் வீழ்ந்தன. அந்நாட்டு மக்கள்தொகையோ அன்று மூன்று இலக்கத்திற்குச் சற்றே மிகுதி. தனியார் கைக்கு மாறிய அவ்வைப்பகங்கள், வெளிநாடுகளில் கடன்மேல் கடன்வாங்கி, நாட்டின் ஓராண்டு விளைவைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு வீங்கியிருந்தன. செப்தம்பரில் அமெரிக்காவின் இலேமன் நிறுவனம் முறிந்ததும் புதுக்கடன் வரத்து நின்றது, வீக்கம் வெடித்தது. பணமதிப்புச் சரிந்தது, வேலையின்மை பெருகியது.

அவற்றுள் ஒன்றில் பணம்வைத்த தம் மக்களுக்குப் பிரித்தானியாவும் ஆலந்தும் ஈடுகொடுத்துவிட்டு, அத்தொகையை ஐசுலாந்து மக்களின் வரிப்பணத்தினின்று கேட்டன. 2010-இலும் 2011-இலும் வாக்கெடுப்பில் மக்கள் மறுத்தனர். 2013-இல் ஐரோப்பியத் தடையிலா வணிகக் கூட்டமைப்பின் முறைமன்றமும் ஐசுலாந்து கடமை தவறவில்லை என்றது. முடிவில் அவ்வைப்பகத்தின் உடைமைகளே அக்கடனைத் தீர்த்தன.

ஈட்டத்தில் பங்கில்லாதார் இழப்பை ஏன் சுமத்தல் வேண்டும்? சிறிய இனமே ஆயினும் கேட்டது, வென்றது.